ஹெரால்டு காரும் தொண்ணூறு நம்பர் ஆயிலும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். கொரட்டூரிலிருந்து ஒரு பையன் வீட்டுக்கு வந்தான். என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவரின் மகன். பையன் என்கிறேனே தவிர முப்பத்தைந்து வயதாகிறது, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, ஒரு பெண் குழந்தையும் உண்டு.

"அங்கிள், உங்க வீட்ல ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருந்துச்சாமே? அப்பா சொன்னார்" என்று ஆரம்பித்தான்.

எனக்குப் பாதி குடித்த காபி தொண்டையில் நின்றுவிட்டது. அந்தக் காரைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசி இருபது வருஷமாவது இருக்கும்.

அரக்கோணம் பக்கம் ஒரு மாந்தோப்பு ஷெட்டில் கோழிகள் குடியிருந்த ஒரு ஹெரால்டை வாங்கி வந்திருக்கிறானாம். மார்க் த்ரீ, நாலு கதவு. ஒன்றரை வருஷமாக சனி, ஞாயிறு அதிலேயே போகிறதாம். செல்போனில் படம் படமாகத் தள்ளிக் காட்டினான். துரு, துரு, இன்னும் துரு. பிறகு பெயின்ட் அடித்த கதவு ஒன்று. அவன் முகத்தைப் பார்த்தால் பிறந்த குழந்தையைக் காட்டுகிறவன் மாதிரி இருந்தது.

இந்தப் பழைய கார் மோகத்தை நான் ஓரளவு பார்த்திருக்கிறேன். மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப்காரர்கள் நடத்திய ஒரு அணிவகுப்புக்கு மாப்பிள்ளை கூட்டிக்கொண்டு போனார். கூட்டமெல்லாம் அமெரிக்கக் கார்களைச் சுற்றித்தான். ஸ்டூடிபேக்கர், பிளைமவுத், டாட்ஜ் எல்லாம் கப்பல் மாதிரி நீளம், முகம் பார்க்கலாம் போல குரோமியம். எங்கள் சின்ன வயதில் மவுண்ட் ரோடில் ஓடிய வண்டிகள்தான். அவற்றைச் செய்த கம்பெனிகள் பல இன்று இல்லை. பேக்கார்டு 1958-இல் போனது, ஸ்டூடிபேக்கர் 1966-இல். ஆனால் செல்ஃபி எடுக்க வரிசை நிற்கிறது. ஓரத்தில் ஒரு ஹெரால்டு நின்றது. அதன் பக்கத்தில் ஓட்டி வந்தவரும் ஒரு வாட்டர் பாட்டிலும்தான். "இது எந்த ஊர் கார் அங்கிள்?" என்று ஒரு கல்லூரிப் பெண் அவரைக் கேட்டாள். "நம்மூர் கார்மா. வண்டலூர்" என்றார். அவள் நம்பவில்லை. வண்டலூர் என்றால் அவளுக்குச் சிங்கம், புலிதான்.

என் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜி.எஸ்.டி. ரோடில் தாம்பரம் தாண்டிப் போனால் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் தொழிற்சாலை. இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரத்தில் 1903-இல் ஆரம்பித்த கம்பெனியின் மெட்ராஸ் கிளை மாதிரி வந்தது. முதலில் வான்கார்டு, பிறகு எய்ட், டென் என்று சின்ன கார்கள். 1961-லிருந்து ஹெரால்டு. இங்கிலாந்தில் அதற்கு ட்ரையம்ஃப் ஹெரால்டு என்று பெயர், இங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வேடிக்கை என்னவென்றால் அந்த ஊரில் 'ஸ்டாண்டர்டு' என்ற பெயரே 1963-இல் போய்விட்டது. டீலக்ஸ் என்று எல்லாரும் போட ஆரம்பித்ததும் ஸ்டாண்டர்டு என்றால் மட்டமான சரக்கு என்று அர்த்தம் ஆகிவிட்டதாம். வண்டலூரில் மட்டும் அந்தப் பெயர் இன்னும் கால் நூற்றாண்டு வாழ்ந்தது. ஹெரால்டுக்குப் பின் 1972-இல் கெஸல் வந்தது. 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு பெரிய கார், ரோவர் உடம்பில் வான்கார்டு வழி வந்த எஞ்சின். அதே வருஷம்தான் வண்டலூரில் மிருகக்காட்சி சாலையும் திறந்தார்கள். மிருகங்கள் நிலைத்தன, கார் மூன்று வருஷத்தில் நின்றது. அதற்குள் மாருதி வந்துவிட்டதே, யாரைக் குறை சொல்ல?

எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

அப்பா ஐ.சி.எஃப்.பில் ஃபோர்மேனாக இருந்து 1978-இல் ஓய்வு பெற்றார். ரிடையர்மென்ட் பணம் வந்ததும் அம்மா வளையல் கேட்டாள். அண்ணா நகர் டாக்டர் ஒருவர் கார் விற்கிறார் என்று அப்பாவுக்கு யாரோ சொன்னார்கள். வளையல் வரவில்லை. இளநீல ஹெரால்டு, 1970 மாடல், ஒன்பதாயிரம் ரூபாய்க்கு வந்தது. பாடியில் எங்கள் தெருவில் முதல் கார். நான் அதற்கு முந்தின வருஷம்தான் பாடியிலேயே ஒரு ஆட்டோ உதிரிபாகத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷனில் சேர்ந்திருந்தேன். லூகாஸ், வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா என்று ஷிப்ட் விடும் நேரத்தில் சைக்கிள் வெள்ளமாக ஓடும் எம்.டி.எச். ரோடு. காற்று திரும்பினால் பிரிட்டானியாவிலிருந்து பிஸ்கட் வாசனை. இந்த மேம்பாலமெல்லாம் அப்போது கிடையாது.

காருக்கு வேண்டிய சாமான்களைச் செய்கிற ஊர்தான். ஆனால் அந்த ஊரில் கார் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அம்பாசடர், ஃபியட் வைத்திருந்தவர்கள் ஹெரால்டைக் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்ப்பார்கள். "தகர டப்பா" என்பார்கள். அப்பா கோபப்பட மாட்டார். ரயில் பெட்டி கட்டியவர் இல்லையா, அவர் அந்தக் காரைப் பார்த்த பார்வையே வேறு. "இதுக்குத் தனியா சேஸிஸ் இருக்குடா. மேலே உடம்பைத் துண்டு துண்டா போல்ட் போட்டு மாட்டியிருக்கான். ரயில் பெட்டி மாதிரி" என்பார். ஏன் துண்டு துண்டாக என்பதற்கும் கதை உண்டு. ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு முழு உடம்பு அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த தொழிற்சாலையைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் சின்னச் சின்னத் துண்டாகப் பல இடங்களில் அடித்து வாங்கிப் பூட்டுகிற மாதிரி வடிவமைத்தார்கள். படம் போட்டது மிக்கெலோட்டி என்ற இத்தாலிக்காரர். வேறு வழியில்லாமல் செய்தது பெட்டியில் போட்டு அனுப்பி வெளிநாடுகளில் பூட்ட வசதியாகப் போயிற்று. மெட்ராஸுக்கு அந்தக் கார் வந்து பொருந்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

பானெட் திறக்கிற அழகு ஒன்று போதும். இரண்டு பக்கமும் கொக்கியை விடுவித்துத் தூக்கினால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்த்து முன்பக்கம் முழுசும் முதலை வாய் மாதிரி ரோடைப் பார்த்துக் கவிழும். எஞ்சினைச் சுற்றி மறைப்பே கிடையாது. அப்பா முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டு, டம்ளரை சேஸிஸ் மேல் வைத்துவிட்டு, கார்ப்பரேட்டரைத் திருகிக்கொண்டிருப்பார். தெருப் பிள்ளைகள் சுற்றி நிற்கும். இப்போது என் மருமகன் காரில் பானெட்டைத் திறந்தால் கறுப்பு பிளாஸ்டிக் மூடிதான் தெரிகிறது. அதற்கு மேல் கை போகாது.

திருப்புகிற வட்டம் இருபத்தைந்து அடி. திருவலிதாயம் கோயில் பக்கத்துச் சந்துகளில் அம்பாசடர்காரர் முன்னே பின்னே நாலு தடவை போய்வருகிற இடத்தில் அப்பா ஒரே ஒடிப்பில் திருப்பிவிட்டு எங்களைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பார். குருப்பெயர்ச்சிக் கூட்டத்தில்கூட. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி, பெரியம்மா வீட்டுக்குப் பூந்தமல்லி, எல்லாம் அதில்தான்.

அவ்வளவு கூர்மையாக ஒடிகிறதே முன் சக்கரம், அதைத் தாங்குகிற இடத்தில்தான் என் கதை இருக்கிறது.

முன் சக்கரத்துக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் இரும்புத் தண்டு ஒன்று உண்டு. அதன் அடி முனையில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை ஒரு வெண்கலக் கட்டைக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கும். ட்ரன்னியன் என்று பெயர். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த இரும்பு மரை வெண்கலத்துக்குள் கொஞ்சம் திருகி வரும், போகும். அந்த இடத்துக்கு விட வேண்டியது கிரீஸ் அல்ல, கியர் ஆயில். ஒர்க்ஷாப் பாஷையில் தொண்ணூறு நம்பர் ஆயில். கிரீஸ் கெட்டியானது, மரையின் அடிவரைக்கும் இறங்காது. நாளாக நாளாக இறுகி, உள்ளே போன தண்ணீரை வெளியேவும் விடாது. மரை துருப்பிடித்து, தேய்ந்து, பிடித்துக்கொள்ளும். அப்புறம் ஒரு நாள் வண்டி மெதுவாக, முழுசாக ஒடித்துத் திருப்பும்போது தண்டு முறிந்து சக்கரம் படுத்துவிடும். வேகமாகப் போகும்போது ஆவதைவிட இப்படி ஆவதுதான் அதிகம், ஏதோ புண்ணியம்.

இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரும் இதே அமைப்புதான். லோட்டஸ் எலான்கூட இந்தத் தண்டைத்தான் போட்டுக்கொண்டது. ரேஸ் கார் செய்கிறவன் எடுத்துப் போட்டுக்கொண்ட பார்ட் மட்டமானதாக இருக்க முடியாது. எண்ணெய் விட வேண்டும், அவ்வளவுதான்.

அப்பாவுக்கு இது தெரியும். காரோடு வந்த புத்தகத்தில் அந்த வரியின் கீழ் பென்சிலால் இரண்டு கோடு போட்டிருந்தார். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் லுங்கியைக் கட்டிக்கொண்டு கீழே படுத்து, கிரீஸ் கன்னில் கியர் ஆயிலை ஊற்றி அழுத்துவார். கன்னில் ஆயில் நிற்காது. வாய் வழியாக ஒழுகும், முழங்கை வரைக்கும் வழியும். சாக்கடை நாற்றம், ரெண்டு நாள் கையை விட்டுப் போகாது. முடித்ததும் ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு எழுதி வைப்பார்.

1981-இல் அவருக்குக் கண் ஆபரேஷன். குனியக் கூடாது, படுத்து வேலை செய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "இனிமே நீ பாத்துக்கோ. கிரீஸ் போட்டுடாதே, ஆயில்" என்றார். சரி என்றேன்.

முதல் தடவை ஆயில்தான் விட்டேன். இரண்டாவது தடவை நைட் ஷிப்ட் முடித்து வந்திருந்தேன். கியர் ஆயில் டின் காலி. கடை திறக்கப் பத்து மணி ஆகும். கிரீஸ் கன் ரொப்பித் தயாராக இருந்தது. ரெண்டும் வழவழப்புதானே, என்ன பெரிய வித்தியாசம் என்று நாலு அழுத்து அழுத்திவிட்டுத் தூங்கப் போனேன். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்பதால் அடுத்த தடவையும் அப்படியே, அதற்கு அடுத்த தடவையும் அப்படியே.

நான் இன்ஸ்பெக்டர். தொழிற்சாலையில் மைக்ரோமீட்டரை வைத்துக்கொண்டு, கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் அடுத்தவர் செய்த பார்ட்டை ஒதுக்கித் தள்ளுகிற உத்தியோகம்.

1984 தை மாதம். சித்தப்பா பெண் கல்யாணம் முடிந்து வந்துகொண்டிருந்தோம். அப்பா ஓட்ட, நான் பக்கத்தில். பின்னால் அம்மா, மடியில் சீர்முறுக்குத் தூக்கு. எம்.டி.எச். ரோடிலிருந்து எங்கள் தெருவுக்குள் ஒடித்தார். டொக்கென்று ஒரு சத்தம். என் பக்கம் சட்டென்று கீழே இறங்கியது. முன்பக்கம் தரையில் உரசி நின்றது. முறுக்கு கார் முழுக்கச் சிதறியது. யாருக்கும் அடியில்லை. ஆனால் எங்களுக்குப் பின்னால் வந்த லாரி பிரேக் அடித்து நின்ற இடத்துக்கும் அம்மா உட்கார்ந்திருந்த இடத்துக்கும் நடுவே ஒரு சைக்கிள் போகிற இடம்தான் இருந்தது. ரோடைத் தாண்டி உள்ளே வந்திருந்தோம், அதனால் பிழைத்தோம். இரண்டு விநாடி முன்னால் என்றால் எழுத இன்றைக்கு நான் இருந்திருப்பேனா தெரியாது.

கூட்டம் கூடிவிட்டது. "ஹெரால்டுன்னா இதான் சார், சக்கரம் கழண்டுக்கும்" என்றார் ஒருவர். "அப்பவே சொன்னேனே, ஃபியட் வாங்குங்கன்னு" என்றார் எதிர்வீட்டுக்காரர். அவர் அப்படிச் சொன்னதே கிடையாது. ஆனால் அந்த நேரத்தில் எல்லாருமே முன்னாலேயே சொன்னவர்கள்தான்.

வில்லிவாக்கத்திலிருந்து மெக்கானிக் பாய் வந்தார். கீழே குனிந்து முறிந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். விரலில் வந்தது காய்ந்த கறுப்புக் கிரீஸ். அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இடுப்பிலிருந்த வேஸ்ட் துணியால் அந்த இடத்தைச் சுத்தமாகத் துடைத்தார். அப்புறம்தான் நிமிர்ந்து அப்பாவிடம், "பழைய பார்ட் சார், தேஞ்சு போச்சு" என்றார்.

அப்பா என்னைக் கேட்டது ஒரே கேள்வி.

"ஆயில்தானே விட்டே?"

"ஆமாம்ப்பா."

அவ்வளவுதான். மறுபடி கேட்கவில்லை. நான் சொன்னதை நம்பினார். நம்பியதால் தப்பு காரின்மேல் போயிற்று.

பார்ட் கிடைக்காமல் இல்லை. ஜெனரல் பேட்டர்ஸ் ரோடில் கிடைத்தது, பாய் இரண்டு பக்கமும் மாற்றிக் கொடுத்தார். ஆனால் அம்மா அந்த வண்டியில் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அப்பாவும் அதற்குப் பிறகு தனியாக இரண்டு மூன்று தடவை எடுத்திருப்பார். ஒவ்வொரு திருப்பத்திலும் உடம்பை இறுக்கிக்கொண்டு ஓட்டினார். ஒடித்துத் திருப்பிவிட்டுச் சிரிக்கிற சிரிப்பு போய்விட்டது. சித்திரையில் புதுப்பேட்டைக்காரர் ஒருவர் வந்து நாலாயிரம் கொடுத்து எடுத்துப் போனார். தெரு முனையில் அது ஒரே ஒடிப்பில் திரும்பிப் போனதை வாசலில் நின்று பார்த்தோம். பிறகு எங்கள் வீட்டில் கார் பேச்சு வந்தால் "நல்ல வண்டிதான், கடைசியில ஏமாத்திடுச்சு" என்பார் அப்பா. 1997-இல் அவர் போகும்வரை அதே வாக்கியம்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியிருக்கிறேன். ஆபீஸில் யாராவது ஹெரால்டு பற்றிப் பேசினால் நானே "சக்கரம் கழண்டுக்குற வண்டி" என்று சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

ஹெரால்டு குறையே இல்லாத கார் என்று நான் சாதிக்க வரவில்லை. பின் சக்கரங்கள் தனித்தனியாக ஆடுகிற அமைப்பு. வேகமாக வளைத்தால் உள்பக்கம் மடங்கப் பார்க்கும். அந்த அமைப்பை ஜனங்கள் நம்பவில்லை என்று கெஸலில் சாதாரண ஆக்ஸிலுக்கே வந்துவிட்டார்கள். 948 சி.சி. எஞ்சினுக்கு நாலு பேரும் மூட்டையும் ஏறினால் மூச்சு வாங்கும். அதெல்லாம் உண்மை. ஆனால் அதற்கு வந்த கெட்ட பெயரில் ஒரு பங்கு புத்தகத்தைப் படிக்காமல் கிரீஸ் கன்னைத் தூக்கிய கைகளால் வந்தது. என்னைப் போல் எத்தனை பேரோ. நானாவது படிக்காதவன் இல்லை, படித்துவிட்டுச் செய்தவன்.

கொரட்டூர்ப் பையனுக்கு வருகிறேன். கதவு, சீட்டு, வயரிங் எல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவன், "முன் சஸ்பென்ஷன் முழுசும் நானே பூட்டினேன் அங்கிள். எல்லா நிப்பிளுக்கும் நல்லா கிரீஸ் அடிச்சாச்சு. அடுத்த மாசம் பாப்பாவை உக்கார வெச்சு ஒரு ரவுண்டு" என்றான்.

நான் எழுந்துவிட்டேன். என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "எடு அந்தக் கிரீஸை! இன்னிக்கே கழட்டு, மண்ணெண்ணெய் போட்டுக் கழுவு. மரையைப் பாரு. குழி விழுந்திருந்தா பழசைப் போடாதே, புதுசு வரவழை. ஸ்பிட்ஃபயர் வெச்சிருக்கிற வெள்ளைக்காரனுக்காக இன்னமும் அங்கே செஞ்சுக்கிட்டிருக்கான். தொண்ணூறு நம்பர் ஆயில் விடு." பையன் திகைத்துப் போய், "அவ்வளவு சீரியஸா அங்கிள்?" என்றான்.

அப்போதுதான் சொன்னேன். எழுபது வயதில், முதல் தடவையாக, மனைவியும் கேட்டுக்கொண்டிருக்க, முழுசையும் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். மனைவி ஒன்றும் பேசவில்லை. காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ராத்திரி சாப்பிடும்போதுதான், "மாமாகிட்டே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?" என்றாள். சொல்லியிருக்கலாம். பதிமூன்று வருஷம் இருந்தது.

பையன் கிளம்பும்போது பரண்மேல் இருந்த தகரப் பெட்டியை இறக்கி, காரோடு வந்த புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். கார் போனபோது அது மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. அந்த இரண்டு பென்சில் கோட்டையும் காட்டினேன். அவன் உடனே செல்போனில் படம் எடுத்துக்கொண்டான்.

அதன் கீழே அந்த நாற்பது பக்க நோட்டும் இருந்தது. அதைக் கொடுக்கவில்லை. 1978-லிருந்து 81 வரை "ஆயில் விட்டேன்" என்று அப்பாவின் எழுத்து. ஆபரேஷனுக்குப் பிறகு எழுத்து கொஞ்சம் பெரிதாக, கோணலாக இருக்கிறது. நான் வேலை முடித்துக் கை கழுவிவிட்டு வந்து சொன்னதைக் கேட்டு எழுதியவை. ஐந்து தேதிகள். ஒவ்வொன்றுக்கும் நேராக, "ஆயில் — தம்பி விட்டான்."